லேசான விமானம்

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோடு போடாத தாளில் எழுதினால் என் வரிகள் வாய்க்கால் மாதிரி வளைந்துகொண்டு போகும். எந்த இடத்தில் எந்த ‘ல’ என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பிழைகளைத் திருத்தித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துக்கு மட்டும்தான் மன்னிப்பு. இதில் வரும் மற்ற எதற்கும் நான் கேட்பதாக இல்லை.

அவளால்தான் இதை எழுத நேர்ந்தது. போன வாரம் அவள் தம்பிக்காக ஃபோனில் ரிமோட் விமானம் தேடினாள். ஒவ்வொன்றாகக் காட்டி விலை சொன்னாள். நான் எடை என்ன என்று கேட்டேன்.

“ஏம்ப்பா, வெங்காயமா வாங்குறோம்?” என்று சிரித்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. குரும்பலூர் பக்கத்தில் எங்கள் ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. ஊரில் மாடி வைத்த வீடு ஒன்றே ஒன்றுதான் என்பதால் அந்த வீட்டுக்காரரை எல்லோரும் மாடி வீட்டுக்காரர் என்றே சொல்வார்கள். அவருடைய பருத்திக் காட்டில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. கடைசி எடுப்பு முடிந்ததும், ஆடு மாடுகளை உள்ளே விடுவதற்கு முன்னால், வேலை செய்தவர்கள் மிச்சத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம். பாதி வெடித்த காய், கீழே விழுந்த பஞ்சு எல்லாம் பொறுக்கியவருக்கே சொந்தம். நான் பொறுக்கியதை அம்மா தனியாக விற்று, காசையும் தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். மூன்று வருடத்துக் காசு அதில் இருந்தது.

அந்த வேலையில் நான் ஒன்று கற்றிருந்தேன். எதையும் கையில் வாங்கியதும் எடை சொல்லிவிடுவேன். எது காய்ந்த பஞ்சு, எது தண்ணீர் தெளித்துக் கனமாக்கிய பஞ்சு என்பதும் விரலுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெயரைக் கேட்டால்கூட வாய் திறக்காதவனுக்கு அந்த ஒரு பெருமைதான் இருந்தது.

அந்த வருடம் மாடி வீட்டுப் பையனுக்கு ஒரு விமானம் வந்தது. தரையில் ஓடியது, சிவப்பு விளக்கு எரிந்தது, சைரன் மாதிரி கத்தியது. நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அது இறக்கை முளைத்த காராகத்தான் தெரிந்தது. நான் பறக்கிற விமானம் வாங்குவேன் என்று மாமாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். என் அம்மாவின் தம்பி அவர். மாமாவிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. அன்று சாயங்காலமே தெருவில் என் பெயர் பைலட் ஆகிவிட்டது.

“டேய் பைலட், மேல போறப்ப எங்க வூட்டு ஓட்ட மிதிச்சிடாத!”

நான் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். ஆனால் மனசுக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. அது பறந்தே ஆக வேண்டும்.

மாமாதான் லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான்களை விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்கார பாய் எங்கள் காசுக்குள் அடங்கும் இரண்டு விமானங்களை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. விளக்கு, சைரன் எல்லாம் உண்டு. மாடி வீட்டில் பார்த்ததற்கு அண்ணன். இன்னொன்று வெள்ளைத் தெர்மாகோலில் செய்தது. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. அட்டைப்பெட்டிகூடக் கசங்கியிருந்தது.

மாமா பெரியதைத் தூக்கிப் பார்த்தார். “இத எடு மாப்ள. கனமா இருக்கு பாரு. குடுக்குற காசுக்குப் பொருள் வேணாமா?”

“அந்த வெள்ளை எப்படி பாய்?” என்று நான் கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டேன்.

“அது சவூதியில இருந்து ஒருத்தர் தம் புள்ளைக்குக் கொண்டாந்தது தம்பி. லைட்டு இல்லன்னு புள்ள அழுதுடுச்சு. அதான் கடைக்கு வந்துடுச்சு. பறக்கும்னு அட்டையில போட்டிருக்கு. நான் பறக்க விட்டதில்ல. பொய் சொல்லக் கூடாது பாருங்க.”

நான் அதைக் கையில் வாங்கினேன். இரண்டு கை காய்ந்த பஞ்சுக்கு மேல் இருக்காது. மேலே போக வேண்டிய பொருள் இப்படித்தான் இருக்கும் என்று விரல் சொல்லிவிட்டது.

“இதான்” என்றேன்.

“அடேய், தும்முனா ஒடிஞ்சிடும்டா!”

“ஒடிஞ்சா ஒட்டிக்கலாம். அந்த பிளாஸ்டிக் ஒடிஞ்சா ஒட்டாது.”

அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். பாய் சிரித்தார். “மாமாவ விட மருமவன் வெவரமா இருக்காரே.” ஊர் வந்து சேரும் வரை மாமா பஸ் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, ரிமோட்டுக்கு எட்டு சின்ன பேட்டரிக் கட்டை வேண்டும். காசு தீர்ந்துவிட்டது. தெரு முழுக்க அலைந்து தீர்ந்துபோன கட்டைகளைச் சேர்த்தேன். எங்கள் பக்கம் செத்த கட்டையை யாரும் எறிய மாட்டார்கள். வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும். ரேடியோவுக்கு அப்படித்தான் செய்வோம். நானும் வற்றல் மாதிரி மூன்று நாள் ஓட்டின் மேல் பரப்பி வைத்தேன்.

களத்துமேட்டில் தெருவே கூடியிருந்தது. மாமா விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்து ஓடிவந்து விட்டார். அது பறந்தது. ஒரு கொக்கு எழும்புகிற மாதிரி, சத்தமே இல்லாமல், மேலே போனது. பைலட் என்று கேலி செய்தவர்கள் எல்லாம் அண்ணாந்தபடி அதன் பின்னாலேயே ஓடினார்கள். கொஞ்ச நேரம்தான். வெயிலில் வந்த உயிர் ரிமோட்டை விட்டுப் போய்விட்டது. நான் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விமானம் கேட்கவில்லை. காற்றோடு போய் மாடி வீட்டு மொட்டை மாடியில் இறங்கியது.

நான் ஓடினேன். சம்பளம் வாங்க நாங்கள் அந்த வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் போவோம், மாட்டுக்கொட்டகை வழியாக. அன்று எனக்கு அது நினைவில் இல்லை. முன்கேட்டைத் திறந்து, செருப்போடு கூடத்துக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி, படியேறிப் போனேன். விமானத்தை எடுத்துக்கொண்டு இறங்கியபோது மாடி வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

“யார்ரா நீ? எது வழியா வந்த?”

“படி வழியாங்க. என் ஏரோப்ளேன் மேல விழுந்துடுச்சு.”

“குடு, பாப்போம்.” கையை நீட்டினார்.

“வேணாங்க. அழுத்திப் புடிச்சா ஒடிஞ்சிடும்” என்று சொல்லி, வந்த வழியே வெளியே வந்தேன்.

கேட்டுக்கு எதிரே அப்பா நின்றிருந்தார். துண்டு கையில் இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வாசலில் வந்து நின்றவரைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விமானத்தை என்னிடமிருந்து வாங்கி, தலைக்கு மேல் உயரத் தூக்கிப் பிடித்தபடி, அந்தத் தெரு முழுவதும் மெதுவாக நடந்தார்.

மறுநாள் மாடி வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தான். பையன் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதுமாம்.

“எம்புள்ள அவன் பொருள எடுக்கத்தான் வந்தான்னு சொல்லு” என்றார் அப்பா. அதற்குப் பிறகு அங்கிருந்து வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி வேலைக்குப் போனார். வாரத்துக்கு ஒருமுறை, புருவமெல்லாம் வெள்ளையாக வருவார். முதல் வாரம் வந்தபோது சட்டைப் பையிலிருந்து எட்டுப் புதுக் கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். “இனிமே வெயில்ல வெக்காத.”

அப்பாவுக்கு லாரி பிடிக்கும் போல என்று நினைத்தேன். அடுத்த வருடம் நாங்கள் பருத்தி பொறுக்கப் போகாததற்கு, “நீதான் பெரிய ஆளாயிட்டியே” என்றாள் அம்மா. அதையும் நம்பினேன். பிறகு நானும் அதே லாரியில் கல் ஏற்றப் போனபோதுதான், அப்பாவோடு வேலை செய்த ஒருவர், மாடி வீட்டு ஆள் வந்து போனதையும் அதனால் வேலை போனதையும் சொன்னார். தெரிந்த பிறகும் சொல்கிறேன். இன்றைக்கு என் விமானம் அங்கே விழுந்தாலும் முன்வாசல் வழியாகத்தான் போவேன்.

அப்பா ஏன் விமானத்தை அவ்வளவு உயரத்தில் பிடித்து நடந்தார் என்று அன்று நான் கேட்கவில்லை. காற்றில் ஒடியாமல் இருக்கத்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். உயரத் தூக்கினால்தான் காற்று அதிகம் அடிக்கும் என்பது, எடை பார்க்கத் தெரிந்த எனக்கு அன்று தோன்றவில்லை.

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.