எல்லாத் தலைக்கும் பொருந்திய ஹெல்மெட்

பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான்கு வருடம் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தேன். காவல் பிரிவில் ஒன்பது பேர். பெண் நான் ஒருத்திதான். அதற்கு முன் விடியுமுன்பே பஸ் ஏறி சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மகளைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. காவல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் மறக்காமல் இருந்தேன்.

தோட்டத்தில் பழக்குலைத் திருட்டு அதிகமானபோது, இருட்டில் பார்க்க உதவும் கருவிகள் இரண்டை நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது. ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்ப்பது. அதைப் பிடித்திருந்தால் ஒரு கை போய்விடும். முதல் வாரத்திலேயே எங்களில் ஒருவர் அதைக் கண்ணில் வைத்தபடி நடந்து, வெட்டிய மட்டையில் நெற்றியை இடித்து, காட்டுக்கால்வாய்க்குள் விழுந்தார். ஐந்து தையல். கருவியைத் தலையிலேயே மாட்டிக்கொள்ள ஏதாவது வாங்கச் சொன்னார் மேனேஜர். அண்ணன் அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். உனக்குத்தான் இங்கிலீஷ் வரும், நீயே பார் என்றார்.

எனக்கு அதைப்பற்றி ஒன்றுமே தெரியாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் பொருத்தலாம் என்றார் ஒருவர். அது காதை மூடிவிடும்; மட்டை முறியும் சத்தம் கேட்காத ஜாகா எதற்கு? கட்டுமான வேலைக்காரர்கள் போடும் தொப்பியில் கட்டிப் பார்த்தோம். குனிந்ததும் கருவியோடு மூக்குக்கு வந்தது. அதன் பிறகுதான் இணையத்தில் பம்ப் ஹெல்மெட் என்று ஒன்று இருப்பதைக் கண்டேன். குண்டைத் தடுக்காது. கிளையில் இடித்தால், தடுக்கி விழுந்தால் தலை தப்பும். கனம் குறைவு. கருவியை மாட்ட நெற்றியில் ஒரு தகடு.

மூன்று மாதிரிகளை வரவழைத்தேன். முதலாவதைப் பகலில் உரக் கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். நெற்றித் தகடு இலேசாக ஆடியது. தகடு ஆடினால் பார்க்கிற உலகமே ஆடுகிறது. பத்து அடி நடப்பதற்குள் குமட்டியது. இரண்டாவது உறுதியாக இருந்தது, ஆனால் காற்று போக வழியில்லை. நம் வெக்கைக்கு உள்ளே வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கருவியின் எடைக்குச் சீனிப் பொட்டலம் ஒன்றை முன்னால் கட்டிக்கொண்டு சமைத்தேன், துணி காயப்போட்டேன். ஒரு மணி நேரத்தில் பிடரி வலித்தது. பின்பக்கமும் அதே அளவு பாரம் கட்டியதும் வலி நின்றது. அதுதான் சூட்சுமம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. தலைக்கேற்ப இறுக்கும் திருகு பின்மண்டையில் இருந்தது. அது என் கொண்டையில் உட்கார்ந்தது. பின்னிப் பார்த்தேன், தாழ்த்திக் கட்டிப் பார்த்தேன். கடைசியில் கூலாய் டவுனுக்குப் போய் முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டேன்.

கருவி இரண்டுதான் என்றாலும், முறை மாறிப் போவதால் மூன்றாவது மாதிரியையே ஆளுக்கு ஒன்றாக வாங்கினோம். மற்ற எட்டுப் பேருக்கும் ஒவ்வொருவராகப் போட்டு, உள் மெத்தைகளை மாற்றி மாற்றி ஒட்டி, எந்த மெத்தை யாருக்கு என்று எழுதிவைத்தேன். மேனேஜர் பார்க்க வந்த நாளில் அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்து எல்லாவற்றையும் விளக்கினார். தகடு, காற்றோட்டம், பின்பாரம். என் வார்த்தைகள்தான். நாங்க பார்த்து எடுத்தது, துவான் என்றார் மேனேஜரிடம். அந்த 'நாங்க'வில் நானும் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஓரமாக நின்று சிரித்தேன்.

மறுநாள் காலை ரோந்துப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எட்டுப் பெயர். என் பெயர் அதற்குக் கீழே தனியாக, வாசல் கதவு என்று போட்டிருந்தது. வந்து போகும் லாரிகளின் எண்ணை எழுதும் வேலை.

தவறிப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் மைலோ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சங்கடம்கூட இல்லை.

"நீ உள்ள வந்தா, உன்னைப் பாத்துக்கவே ஒரு ஆள் வேணும்லா தங்கச்சி. அப்புறம் திருடன யாரு பாக்கறது?"

"நாலு வருஷமா என்னை யாருண்ணே பாத்துக்கிட்டா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். உன் நல்லதுக்குத்தான் என்றார். மேனேஜரிடம் போனேன். அது உங்கள் தலைவரின் முடிவு, நான் தலையிட முடியாது என்றார் அவர். மற்ற ஏழு பேரும் அன்று இரவு ஹெல்மெட்டை எடுத்தார்கள். அவர்களுடைய தாடை வாரை எத்தனையாவது துளையில் மாட்ட வேண்டும் என்பதுவரை எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கதவில் உட்கார்ந்தேன். அண்ணன் தினமும் சாப்டியாம்மா என்று கேட்பார். நான் ஒருநாள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் மனம் ஆறியிருக்கும். வேலை வாங்கிக் கொடுத்தவர் என்பதால் கத்தவில்லை. பிறகு செனாயில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து, ஒரு வரியில் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் அண்ணன் கைப்பேசியில் கூப்பிட்டார். ஹெல்மெட்டுகள் பழசாகிவிட்டனவாம். புதிதாக வாங்கியது தலையில் நிற்கவே இல்லையாம்.

"நீதாம்மா நல்லா பாத்து எடுத்த. அது என்ன மாடல், எங்க வாங்கின?"

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. கடைக்காரரின் எண்கூடக் கைப்பேசியில் அப்படியே இருந்தது.

"ஞாபகம் இல்லைண்ணே," என்றேன்.

அவர் பரவாயில்லை என்று சொல்லி, மகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்தார். தலையில் நிற்காத அந்தப் புது ஹெல்மெட்டைப் போட்டு அங்கே இருட்டில் நடக்கப்போகிறவர்கள் யாரும் எனக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. அது தெரிந்தும் நான் திரும்பக் கூப்பிடவில்லை.