‘ஹாபிஸ்’ என்று காதில் விழுந்தது

இப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் காலத்தில் அந்த வண்டி கிடையாது. மலாயாவில், பொந்தியான் ஆற்றுத்துறையில் கையால் சுற்றும் கிரேன் ஒன்று இருந்தது. அன்னாசி டின் பெட்டிகளைச் சங்கிலியில் கட்டித் தூக்கி, சிங்கப்பூர் போகும் தொங்கான் படகில் இறக்குவோம். 1930களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் நான்கு வருஷம் கிரேன் சுற்றியவன் நான். அங்கே கப்பல்காரர்களின் இரண்டு சொற்கள்தான் சட்டம். ‘ஹாபிஸ்’ என்றால் தூக்கு, ‘ஆரியா’ என்றால் இறக்கு. எங்களை வேலை வாங்கும் மண்டோர் சின்னப்பனும் எங்கள் ஊர்க்காரர் என்பதால் இங்கேயும் அதே பழக்கம். சொல் காதில் விழுந்தால் கை தானாகச் சுற்றும். அதில் எனக்குக் கர்வம் வேறு.

சங்கிலி கட்டுபவர் காசிம், மலாய்க்காரர். நான் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, பெட்டிக்கும் சங்கிலிக்கும் நடுவில் கையை விட்டுக் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தொங்கானிலிருந்து ஒருவன், "காசிம், ரொக்கோ அடா?" என்று சிகரெட் கேட்டான். காசிம் திரும்பாமலே பதில் சொன்னார்.

"ஹாபிஸ் லா!"

நான் சுற்றினேன். சங்கிலி இறுகியது. அலறல் கேட்டு நிறுத்துவதற்குள் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

"அடப்பாவி, மலாயில ஹாபிஸ்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம்யா! அவன் சிகரெட்டத்தான் சொன்னான்" என்று தலையில் அடித்துக்கொண்டார் மண்டோர். பத்து வருஷம் இங்கே இருந்தும் அவருக்கும் அது முன்பே உறைக்கவில்லை.

மறுநாள் என்னைத் தனியாக அழைத்தார். "கைய உள்ள விட்டது காசிம் தப்புன்னு மேனேஜர் சொல்றாரு. அவன வேலைய விட்டு நிறுத்தப் போறாங்க. நீ வாயத் தொறக்காத."

நானும் திறக்கவில்லை. தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசிம் கோபப்படவில்லை. தெரிந்த மலாயும் தெரியாத தமிழும் கலந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் தப்பா சொல்லிட்டனா?"

அதற்கு மேல் தாங்கவில்லை. காலையில் மேனேஜரிடம் போய், "பாக்காம சுத்துனது நான்தாங்க. நிறுத்துறதுன்னா என்னைய நிறுத்துங்க" என்றேன். அவர் சத்தம் போட்டார். கிரேன் தெரிந்த ஆள் வேறு கிடைக்காததால் என்னை வைத்துக்கொண்டார். காசிமையும் வைத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினேன். இனிச் சங்கிலி கட்ட முடியாது என்பதால் எனக்குச் சைகை காட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது.

அன்றிலிருந்து வாய்ச்சொல் கிடையாது. சங்கிலி கட்டும் ஆள் கையை எடுத்து விலகி நின்றானா என்று முதலில் காசிம் பார்ப்பார், பிறகு நான் பார்ப்பேன். நீங்களும் காதை நம்பிப் பளுவைத் தூக்காதீர்கள், கண்ணால் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் காசிம் கையை உயர்த்துவார். இடது கை நன்றாக இருந்தும் எப்போதும் வலது கையைத்தான் உயர்த்துவார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.