தள்ளிப் போய் நின்ற அப்பா

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் காய்ச்சல் முறை வைத்துக்கொண்டு வரும். மகளுக்கு விட்டால் மகனுக்கு. தரமணி ஆபீஸில் லீவு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்றால், "வருஷா வருஷம் ஊசியா? சளிதானே, தானா போயிடும்" என்பார் கணவர். வாதாட எனக்கும் தெம்பில்லை.

அன்று காய்ச்சலோடு இருந்த மகனை அடையாறில் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். எதிரே ஒரு சிறுமி, முகக்கவசத்துடன் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடியில்லை. என் மகன் அவள் பக்கத்தில் போய் நின்று இருமினான். அவர் சட்டென்று மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. அங்கிருந்தே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பாப்பாவுக்கு கேன்சர் ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு. சளி புடிச்சாலே ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியிருக்கு. எங்ககிட்டேருந்து அவளுக்கு ஒட்டக்கூடாதுன்னு வீட்ல நாங்க எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டோம். வெளிய யாரைப் போய் போட்டுக்கோங்கன்னு கேக்கறது?"

குரலில் கோபமே இல்லை. என்னைவிடக் களைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அப்படியே சொன்னேன். மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், "இவனுக்குக் காய்ச்சல் விடட்டும். ரெண்டு பேருக்கும் போட்டுடலாம்" என்றார்.

ஊசி போட்ட பிறகும் மகள் ஒருமுறை படுத்தாள். எல்லாக் காய்ச்சலையும் இது தடுக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மறுபடி லீவு, மறுபடி கஞ்சி. ஆனாலும் என் பிள்ளைகளின் இருமல் எங்கள் வீட்டோடு நிற்பதில்லை என்று தெரிந்துவிட்டதால், ஊசி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.