நர்ஸம்மா வீட்டின் விலை

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் சவுரியம்மாள் கோயிலிலிருந்து நேராக விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவாள். மகள் அமலா கட்டிக்கொடுத்த இட்லியைத் திண்டிவனம் பேருந்தில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவாள். விக்கிரவாண்டி வருவதற்குள் கண் செருகிவிடும். இறங்குகிற இடத்தில் நடத்துநர்தான் எழுப்பிவிடுவார். அங்கிருந்து மரக்காணம் சாலை வரை ஷேர் ஆட்டோ, அப்புறம் ஒரு தெரு நடை. அவளுக்கு அறுபத்தாறு வயது. வலது முட்டியில் எலும்பு தேய்ந்திருந்ததால் அந்தத் தெருவைக் கடக்கவே கால் மணி நேரமாகும்.

போய்ச் சேர்ந்ததும் வீட்டைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒட்டடை அடித்துப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். வீடு பார்க்க யாராவது வருவார்கள். வந்தவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் மூடிப் பூட்டிக்கொண்டு திரும்புவாள். 2012 ஜூனில் தொடங்கியது இது. அடுத்த வருடம் தீபாவளி வந்தும் வீடு விற்றபாடில்லை.

அது அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. அப்பா மண்ணாங்கட்டி திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். ஊருக்கு வெளியே காலனியில் ஒரு கூரை வீடு, அதைத் தவிர ஒரு சென்ட் நிலம் கிடையாது. சவுரியம்மாளைக் கன்னியாஸ்திரிகள் தங்கள் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். அவள் கிராம சுகாதார நர்ஸ் ஆனாள். மரக்காணத்துக் கடலோரக் குப்பங்களில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். எத்தனை பிரசவம் பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கணவர் தேவசகாயம் மின்சார வாரியத்தில் லைன்மேன்.

இரண்டு பேருக்கும் அரசாங்க வேலை. இருந்தும் திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. வீடு காலி என்று பலகை மாட்டியிருப்பார்கள். இவர்கள் போய் நின்றதும் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். பதில் சொன்னதும், மச்சான் குடிவரப் போகிறார், வெள்ளையடிக்கப் போகிறோம் என்று ஏதாவது ஒன்று வரும். ஏழு வருடத்தில் ஐந்து வீடு மாறினார்கள். இனி யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்றுதான் 1993இல் அவள் தன் பெயரில் அரை கிரவுண்டு மனை வாங்கினாள். மறு வருடம் வீடு எழும்பியது. ஒரு கூடம், இரண்டு அறை, பின்பக்கம் சமையலறை, சிவப்புச் சிமென்ட் தரை.

பதினைந்து வருடம் அதில் நிம்மதியாகத்தான் இருந்தாள். தேவசகாயம் 2009இல் மாரடைப்பில் போனார். 2011 கடைசியில் அடித்த தானே புயலில் சமையலறையின் மேல்தளத்தில் விரிசல் விட்டது. மாடிப்படி ஏறிப் போய் அதைப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. அமலா வந்து விழுப்புரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். அமலா அங்கே ஒரு பள்ளியில் கிளார்க். மகன் தென்னரசு பெங்களூரில் இருந்தான். பூட்டிக் கிடக்கும் வீடு பாழாகும், விற்றுவிடலாம் என்று மூன்று பேரும் பேசி முடிவெடுத்தார்கள்.

இருபத்தெட்டு லட்சம் என்று விலை சொன்னது தென்னரசு. அதற்குக் காரணம் இருந்தது. எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் அந்த வருடம்தான் தன் வீட்டை இருபத்தெட்டுக்கு விற்றிருந்தார். அதே மேஸ்திரி, அதே வருடம், அதே அளவு மனை. போர்டு மாட்டி இரண்டே மாதத்தில் கிரயம் முடிந்துவிட்டது.

சவுரியம்மாள் வீட்டைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். புரோக்கர் அப்பாதுரை வாரத்துக்கு ஒரு குடும்பமாவது கூட்டிவந்துவிடுவார். அவருடைய மூத்த மகள் பிறந்தது சவுரியம்மாள் கையில். அதனால் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார், மரியாதை குறையாமல் பேசுவார். வந்தவர்கள் அறைகளைப் பார்த்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்பார்கள். பிறகு தண்ணீர் உப்பாக இருக்கிறது, மேற்குப் பார்த்த வாசல், கார் திரும்ப இடமில்லை என்று குறை சொல்வார்கள். அவளும் நம்பினாள். புது மோட்டார் போட்டாள், வெள்ளையடித்தாள். ஆறேழு மாதம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. எதிர்வீட்டுக் கிணற்றிலும் இதே உப்புத் தண்ணீர்தான். கார் அங்கேயும் திரும்பாது.

வந்தவர்கள் கிளம்பும் நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். சொந்த ஊர் எது? சொன்னால், அங்கே எந்தப் பக்கம்? அவள் மறைக்காமல் சொல்லிவிடுவாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு நாளில் அப்பாதுரைக்குப் போன் வரும். இருபது என்பார்கள், இருபத்தொன்று என்பார்கள். சிலர் போனே செய்ய மாட்டார்கள்.

2013 தீபாவளி முடிந்த வாரம் அப்பாதுரை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நர்ஸம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசம் நீங்க வராதீங்க. சாவிய அரங்கநாதன் சார்கிட்ட குடுத்துடுங்க. சாமி படம், சார் போட்டோ அத்தல்லாம் எடுத்துக்கினு போய்டுங்க. அவரு வூட்டக் காட்டட்டும். வெல தானா வரும்."

அரங்கநாதன் மூன்றாம் வீட்டுக்காரர், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தேவசகாயத்தோடு தினமும் காலையில் நடக்கப் போனவர். அவருக்கு இதில் சம்மதமில்லை, ஆனால் நர்ஸம்மா அலைச்சல் தீர்ந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். சவுரியம்மாளும் ஒத்துக்கொண்டாள். கோபப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரியும். கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டுமே. திரு இருதய ஆண்டவர் படத்தையும் கணவர் போட்டோவையும் இறக்கி, பழைய புடவையில் சுற்றிப் பையில் வைத்து, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். எதற்கு இதையெல்லாம் கொண்டுவந்தாய் என்று அமலா கேட்டாள். காரணம் சொன்னதும் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அப்பாதுரை சொன்னது பலித்தது. மூன்றாவது வாரமே பிரேம்குமார் என்றொருவர் இருபத்தேழரைக்கு ஒத்துக்கொண்டார். ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்ப்பவர். பத்திரம் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு சவுரியம்மாள் வராமல் இருக்க முடியாது. அப்பாதுரையின் ஆபீஸ் அறைக்கு அரங்கநாதனும் துணைக்கு வந்தார்.

பிரேம்குமார் வணக்கம் சொல்லிவிட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்கினார். மனை வாங்கியபோது எழுதிய பத்திரம் அது. அதில் அவள் அப்பாவின் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். மண்ணாங்கட்டி மகள் சவுரியம்மாள் என்று போட்டு, அடுத்த வரியில் காலனித் தெரு என்று இருந்தது. அவர் விரல் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

இருபத்திரண்டு என்றால் இன்றைக்கே அட்வான்ஸ் தருகிறேன் என்றார்.

அரங்கநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க பார்த்த அதே வூடுதானே சார் இது? அதுக்குள்ள அஞ்சரை லட்சம் எங்க போச்சு?"

"வூட்ட நான் குத்தம் சொல்லல சார்," என்றார் பிரேம்குமார். குரலில் எகத்தாளம் எதுவும் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு நான் விக்கப் போனாலும் இத்தத்தான கேப்பாங்க? அப்ப எனக்கு யாரு இருபத்தேழு தருவாங்க?"

சவுரியம்மாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது என்றான் தென்னரசு போனில். குறைத்தால் அந்த ஆள் சொன்னதை நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும், பூட்டிப் போடு, ஐந்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றான். அமலாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. அவன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவான், வாராவாரம் பேருந்து ஏறுவது யார் என்று கேட்டாள். "எம்மா, இருபத்திரண்டுக்கே குடுத்துட்டு வா. உன் முட்டிய விடவா அந்த அஞ்சு லட்சம்?" என்றாள். அவன் சொன்னதும் சரிதான். இவள் சொன்னதும் சரிதான். இரண்டையும் கேட்டுக் கேட்டு சவுரியம்மாளுக்கு வீடு என்ற சொல்லே பேஜாராகிவிட்டது.

அடுத்த ஞாயிறு யாரும் வருவதாக இல்லை. இருந்தாலும் படங்கள் இருந்த பையை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனாள். அரங்கநாதனிடம் சாவியை வாங்கி, படங்களைப் பழைய ஆணிகளிலேயே மாட்டினாள். ஸ்டூலில் ஏற முடியாமல் அரங்கநாதனின் மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் போன பிறகு ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தாள். வாங்க வந்தவர்கள் பார்ப்பதுபோல, எதையும் விடாமல் பார்த்தாள். சமையலறைத் தளத்தில் விரிசல் இரண்டு முழ நீளம் ஓடியிருந்தது. மழைக்கு ஒழுகிய கறை சுவரில் பாதி வரை இறங்கியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் விற்பதற்கு முன் தளத்தைப் புதுப்பித்திருந்தார், டைல்ஸ் போட்டிருந்தார். இங்கே கழிவறைக்கு வெளியே போய்த்தான் வர வேண்டும். குறைகள் இருந்தன. அவற்றுக்கு ஒரு விலை உண்டு. தன் முட்டிக்கும் ஒரு விலை உண்டு. அந்தக் கணக்கைப் போட வேண்டியது தான்தானே தவிர, போன் பண்ண வெளியே போகிறவர்கள் அல்ல என்று அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் போகிற வழியில் அப்பாதுரையைப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு போட்டுக்கோ," என்றாள். "தளம் ஒழுகுது. பாத்ரூம் வெளிய இருக்குது. என்னால பஸ் ஏற முடியல. அதுக்காகக் கொறைக்கிறேன். எங்க அப்பா ஊருக்காக ஒரு ரூபா கொறைக்க மாட்டேன். வர்றவங்ககிட்ட நான் யாருன்னு மொதல்லயே சொல்லிடு. சொல்லிட்டுக் கூட்டிக்கினு வா."

அப்படிச் சொன்னால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்றார் அப்பாதுரை. வராவிட்டால் போகட்டும் என்றாள்.

மூன்று லட்சம் குறைத்ததற்குத் தென்னரசு கோபித்துக்கொண்டு போன் செய்வதை நிறுத்தினான். மூன்று லட்சத்தோடு நிறுத்தியதற்கு அமலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்பாதுரை சொன்னபடியேதான் நடந்தது. பொங்கல் போயிற்று, வெயில் காலம் வந்தது. ஐந்து மாதத்தில் இரண்டே குடும்பங்கள் வந்தன. சவுரியம்மாள் பேருந்து ஏறுவதை மட்டும் நிறுத்தவில்லை. சில ஞாயிறுகளில் வீட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தரையிலேயே படுத்துத் தூங்கிவிடுவாள். தப்பு பண்ணிவிட்டோமோ, இருபத்திரண்டை வாங்கியிருக்கலாமோ என்று நினைக்காத வாரமில்லை. பிரேம்குமார் வேறு இடத்தில் வீடு வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டபோது ஒரு நாள் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2014 ஆகஸ்டில் அய்யப்பனும் அவர் மனைவி தமிழ்ச்செல்வியும் வந்தார்கள். அய்யப்பனுக்கு மேல்மலையனூர்ப் பக்கம் ஊர். அங்கே கோயிலுக்கு வரும் அமாவாசைக் கூட்டத்தில் பாத்திரக் கடை போட்டுத் தொழிலைத் தொடங்கி, இப்போது திண்டிவனத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். எல்லாம் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறேன் என்று அப்பாதுரை வாசலிலேயே அவள் காதில் போட்டார்.

அய்யப்பன் கூடத்தில் நிற்கவே இல்லை. நேரே சமையலறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். அப்பாதுரையிடம் ஏணி வாங்கிவரச் சொல்லி, விரிசலுக்குக் கை எட்டும் வரை ஏறினார். விரிசலில் விரலை விட்டார், தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து கைத்தூசியைத் தட்டிக்கொண்டார்.

"யம்மா, கம்பி துருப்பிடிச்சுப் போய்க் கெடக்குது. பூசி மெழுகினா நிக்காது. இடிச்சுட்டுத்தான் போடணும். ஒரு லட்சம் கொறைங்க."

"ஒழுகறதுக்குத்தான் ஏற்கெனவே கொறச்சிருக்கிறேன்," என்றாள் சவுரியம்மாள்.

"நீங்க கீழ இருந்து பார்த்துக் கொறச்சிருப்பீங்க. நான் மேல ஏறிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் தளத்துக்காக மட்டும் அவளோடு பேரம் பேசியது அந்த ஒருவர்தான். சிமென்ட் விலை, கம்பி விலை, கொத்தனார் கூலி என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். தமிழ்ச்செல்வி இடையில் புகுந்து, கழிவறையை உள்ளே கொண்டுவரும் செலவையும் சேர்க்கப் பார்த்தாள். அதற்கு சவுரியம்மாள் மசியவில்லை. கடைசியில் நாற்பதாயிரம் குறைத்தாள். அந்த நாற்பதாயிரத்தை விட்டபோது அவளுக்கு வருத்தமே இல்லை.

செப்டம்பரில் கிரயம் முடிந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, கைநாட்டும் வைத்து, மை துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது தமிழ்ச்செல்வி தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். கூட வருவதாக இருந்த தமிழ்ச்செல்வியின் அம்மா மட்டும் பதிவுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். சவுரியம்மாள் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

தென்னரசு கிறிஸ்துமஸுக்கு வந்தான். முதல் நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அவளைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போய் முட்டி டாக்டரிடம் காட்டினான். வீட்டுப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

அடுத்த வருடம் ஆடி கழிந்ததும் அரங்கநாதன் போன் செய்தார். அய்யப்பன் சமையலறையை இடித்துப் புதுசாகக் கட்டிவிட்டார் என்றார். அதோடு கூடத்துச் சிவப்புத் தரையையும் கொத்தி எடுத்துவிட்டார்கள், வாசக்காலையும் மாற்றிவிட்டார்கள், பெரிதாக ஹோமம் பண்ணித்தான் குடிவந்தார்கள் என்று சொல்லிவிட்டு, எதற்கென்று தெரியவில்லை என்று குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க வூடு, அவங்க இஷ்டம் சார்," என்றாள் சவுரியம்மாள். அவருடைய மனைவிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். மாத்திரையை விடாமல் போடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அமலா பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தாள்.