ஏரிக்கு நான் கேட்டு வாங்கிய காவல்

என் தம்பியின் வலது மணிக்கட்டை அடித்து உடைத்தவன் ஏரிக் காவலாளி. அந்தக் காவலாளி வேண்டும் என்று மனு எழுதி, அலுவலகம் அலுவலகமாக அலைந்து கொண்டுவந்தவள் நான். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் என்மேல் பரிதாபப்பட வேண்டாம்.

செம்பாக்கத்தில் எங்கள் தெரு ஏரிக்கரையில் போய் முடிகிறது. ஒரே காம்பவுண்டில் முன்வீடு என்னுடையது, பின்வீடு தம்பியுடையது. அவன் பெயின்டர். பெருங்களத்தூர் பக்கம் எழும்புகிற அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பான். மழை பிடித்துக்கொண்டால் சுவர் காயாது, அவனுக்கு வேலையும் இருக்காது. அந்த இரண்டு மழை மாதமும் அவன் வீட்டு அடுப்பு ஏரியை நம்பித்தான் எரியும். விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை வீசுவான். ஜிலேபி மீனும் கெண்டையும் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். மிஞ்சியதைக் கரையிலேயே விற்று அரிசி வாங்கிவிடுவான். முதல் வீச்சில் விழுவதை மட்டும் விற்கமாட்டான். அது வீட்டில் மூத்தவருக்கு. எங்களைப் பெற்ற அத்தா இருந்தவரை அத்தாவுக்கு, அப்புறம் எனக்கு.

நான் தெரு நலச்சங்கத்தின் செயலாளர். கழிவுநீர் லாரிகள் கரையோரம் வந்து குழாயைச் செருகி ஏரிக்குள் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பிறவிக் குணம். உட்கார்ந்து மனு எழுதினேன். வேலி போடுங்கள், காவலுக்கு ஆள் போடுங்கள், ஏரியில் கைவைக்கிற யாரையும் விடாதீர்கள். அன்று மதியம் நான் தின்ற குழம்பில் கிடந்தது தம்பி கொடுத்த கெண்டை. எழுதும்போது அவன் நினைவு ஒரு கணம்கூட வரவில்லை. ஏரியில் கைவைக்கிறவன் லாரிக்காரன். தம்பி காலையில் போய் மீன் கொண்டுவருகிறவன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

வேலி வந்தது. நடைப்பயிற்சிக்குப் பாதை வந்தது. மீன்பிடிக்கத் தடை என்று பலகை வந்தது. தடியும் விசிலுமாகக் காவலாளி வந்தான். லாரி மட்டும் நிற்கவில்லை. அவனே கேட்டைத் திறந்துவிடுவதை என் கண்ணால் பார்த்தேன். வேலியே பயிரை மேய்ந்தது.

பலகையைப் படித்துவிட்டுத் தம்பி என்னிடம் வந்தான்.

"இன்னாக்கா, மீன் புடிக்கக் கூடாதுன்னு போட்டுகீறான்? நாம இன்னா ஏரியவா தூக்கினு போறோம்?"

"ரெண்டு நாள் போகாதே. நான் பேசறேன்."

மனு கொடுத்த அலுவலகத்துக்குப் பேசத்தான் போனேன். அதிகாரி என் மனுவையே எடுத்து என் முன்னால் வைத்தார். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். நீங்க கேட்டதைத்தானே செஞ்சிருக்கோம்?" என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான். வீட்டுக்கு வந்து தம்பியிடம் மனுவைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதிகாரி ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் காலை, மழை விட்டதும், அவன் வேலியைத் தாண்டி இறங்கிவிட்டான்.

சத்தம் கேட்டு ஓடினேன். கரையோரச் சேற்றில் வலையின் ஒரு முனை காவலாளியின் கையில், மறுமுனை தம்பியின் கையில்.

"ஆர்டர் கீது பாய். வலைய குடுத்துட்டு மேல ஏறு."

"வலைய வுட்டுடு, நான் போய்க்கினே இருக்கேன். வூட்ல பொண்ணுங்க சாப்டணும்."

காவலாளி பாக்கெட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வலையைக் குறுக்கே அறுத்தான். தம்பி அவன் சட்டையைப் பிடித்தான். தடி இறங்கியது. முதல் அடி தோளில், அடுத்தது காதோரம். மூன்றாவதைத் தடுக்கத் தம்பி வலது கையைத் தூக்கினான். காய்ந்த விறகை முறிக்கிற சத்தம் கேட்டது. முழங்காலில் விழுந்தான். விழுந்தவன் முதுகில் மேலும் இரண்டு அடி. அறுந்த வலையில் கிடந்த மீன்களைக் காவலாளி பூட்ஸ் காலால் மிதித்துச் சேற்றில் அமுக்கினான். பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று போனில் படம் எடுத்தார்கள்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. பாதை வேலைக்குக் குவித்திருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்துக் காவலாளியின் தலையில் அடித்தேன். எறியவில்லை, கையில் பிடித்தே அடித்தேன். புருவம் கிழிந்து ரத்தம் அவன் கண்ணில் இறங்கியது. மறுபடி ஓங்கினேன். "வோணாம்கா!" என்று தம்பி அலறியதால் காவலாளி பிழைத்தான். மறைப்பானேன், அந்த அடி எனக்கு இனித்தது.

மதியம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். தம்பிக்குக் கையில் மாவுக்கட்டு, காவலாளிக்குத் தலையில் கட்டு. இன்ஸ்பெக்டர் எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். வேலையில் இருந்த ஆளைத் தாக்கிய கேஸ், உள்ளே தள்ளினால் ஜாமீனுக்கு அலையவேண்டியிருக்கும் என்றார்.

"இவன் தலையில அடிச்சது யாரு?"

காவலாளி என்னைப் பார்த்தான். தம்பி முந்திக்கொண்டான்.

"நான்தான் சார். எங்கக்கா அப்பாலதான் வந்தாங்க."

காவலாளி தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஒப்பந்த ஆள். சங்கச் செயலாளரைக் காட்டிக்கொடுத்தால் நாளைக்கு வேலை இருக்காது என்று அவனுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் அதுதான் சௌகரியம். கேஸ் வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். தம்பி சொல்வதுபோல ஏட்டு எழுதி வாசித்தார். காவலாளியை அடித்தது நான்தான். சேற்றில் வழுக்கி விழுந்ததில் என் கை முறிந்தது. இனி ஏரியில் இறங்கமாட்டேன்.

கையெழுத்துப் போடுகிற கை கழுத்தில் தொங்கியது. பத்தாவது வரை படித்தவன் இடது கட்டைவிரலில் மை தடவிக்கொண்டான்.

"சீக்கிரம் முடிச்சிக்கலாம்கா, உனுக்கு லேட்டாவுது" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விரலைத் தாளில் அழுத்தினான்.

செங்கல்லை எடுத்தவள் நான். தடியைக் கொண்டுவந்தவளும் நான். யாரோ என் கையில் டீ கொடுத்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் அதைக் குடித்து முடித்தேன்.