ஒன்பது வருடம் கேட்காத கேள்வி

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் அவள். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் போய், பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டின்முன் முழங்காலிட்டு ஒரே பாவத்தைச் சொல்லிவந்தாள்.

"எங்க அண்ணன் நாசமாப் போகணும்னு நெனச்சேன் சாமி."

கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து பங்குச்சாமியாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "அவன மன்னிச்சிரும்மா. பத்து 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லு."

சொல்வாள். திங்கட்கிழமை மெஷினில் உட்காரும்போது கோபம் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்துவிட்டது. பல் டாக்டர், "பல்ல நான் பிடுங்கிருவேன். உள்ள இருக்கறத ஒரு கவுன்சலர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவைத்தார்.

கவுன்சலர் அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார். "அண்ணன் என்ன பண்ணாரு?"

இதை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதேயில்லை. கொட்டித் தீர்த்தாள். அண்ணனுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று, அம்மா சாகக் கிடந்தபோது அவன் கதவைத் திறக்கவில்லை. மூன்று நாள் வாசலில் நின்றாள். பிணத்தைத்தான் பார்த்தாள்.

"தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் உக்காந்து, அன்னிக்கு மனசுல என்ன ஓடுச்சுன்னு பாருங்க" என்றார் கவுன்சலர்.

"இது பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னாடி பண்ற ஆத்தும சோதனைதானே மேடம்? ஞானோபதேச வகுப்புலயே சொல்லிக் குடுத்தாங்க."

"அதேதான். ஆனா அதுல நீங்க செஞ்சத மட்டுமே தேடியிருக்கீங்க. உங்களுக்குச் செஞ்சதயும் பாருங்க."

பார்க்கப் பார்க்க, கோபம் சாமியார் பக்கமும் திரும்பியது. அடுத்த சனிக்கிழமை, "இன்னிக்கு என் பாவம் இல்ல சாமி, நடந்ததச் சொல்றேன்" என்று முழுவதையும் சொன்னாள்.

சாமியார் வலைக்கு அருகே குனிந்தார். "கோபம் வர்றது பாவமில்லம்மா. இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? பாவமே இல்லாததுக்கு ஒன்பது வருஷம் மன்னிப்புக் குடுத்துட்டு, இப்ப என்னக் கேக்கறீங்க!"

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என் தப்புதாம்மா" என்றார் அவர்.

"ஆமா, உங்க தப்புதான்" என்று எழுந்துவிட்டாள்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவனே கதவைத் திறந்தான்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "மூணு நாளும் கேட்டாங்க. வாசல்ல உன் குரல் கேக்குதுன்னாங்க. நான்தான் டிவிய சத்தமா வச்சேன்." பிறகு, "மன்னிச்சிரு பாப்பா."

"முடியாது."

அதைத் தெளிவாகத்தான் சொன்னாள்.

இன்றும் பூசைக்குப் போகிறாள். பாவசங்கீர்த்தனமும் செய்கிறாள். அதில் அண்ணன் பேச்சு வருவதில்லை.