நோய் உண்மைதான்

யாராவது கையில் ஃபைலோடு கேட்டைத் திறந்தால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது எரிச்சல். "சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, குடுக்கலாமா?" என்பார்கள். ஃபைல் பார்ப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆள் எந்த ஊர், எந்த வார்டில் இருக்கிறார், அதைச் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். ரிட்டயர் ஆனபிறகு இந்தம்மாவுக்குத் திமிர் கூடிப்போச்சு என்று தெருவில் பேச்சு. பேசட்டும். முட்டிவலியோடு பஸ் ஏறி இறங்குகிறவள் நான்தானே.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் பாதி, குழந்தைகள் வார்டு. திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்கு உதவி கேட்டு வருகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. முதியோர் இல்லம் என்று ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். அநாதைக் குழந்தைகளுக்குத் தீபாவளித் துணி என்பார்கள். இருதய ஆபரேஷன் என்பார்கள். எங்கள் ஆட்களுக்குக் கொடுக்க வரும், விசாரிக்க வராது. வாசலில் நிற்கிறவனிடம் நாலு கேள்வி கேட்டால் நம்மைக் கஞ்சன் என்று நினைத்துவிடுவானோ என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் வசதியாகக் கிடைத்தேன். நோய் என்று சொல்லி எவன் வந்தாலும் என்னிடம் கைகாட்டிவிடுவார்கள்.

எனக்கும் அது பிடித்திருந்தது, மறைப்பானேன். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று அழுத ஒருவனுடைய ரத்தப் பரிசோதனையில் எல்லாம் என்னைவிட நன்றாக இருந்தது. இன்னொருத்தன், நல்ல மீசைக்காரன், வயிற்றில் கட்டி எடுத்ததாகச் சொல்லி நீட்டிய சீட்டில் கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்று எழுதியிருந்தது. "தம்பி, இனிமே புள்ள பெத்துக்க முடியாது ஒனக்கு, ஜாக்கிரதையா இரு" என்றேன். எதிர்த்த மளிகைக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பருப்புத் தராசே ஆடியது. அதற்குப் பிறகு தெருவில் யார் உதவி கேட்டு வந்தாலும் அவர், "எங்க சிஸ்டர் சீல் குத்திட்டாங்களா? அப்பத்தான் குடுப்போம்" என்பார். அது எனக்குக் கொஞ்சம் மண்டையில் ஏறித்தான் விட்டது.

அந்த வண்டி போன வருஷம் ஒரு காலையில் வந்தது. வெள்ளை வேன். பக்கவாட்டில் பெரிய ஃபிளெக்ஸ். மொட்டையடித்த பெண் குழந்தை, மூன்று நான்கு வயது இருக்கும், மூக்கில் டியூப், நேராக நம்மைப் பார்க்கிற கண். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் அழுதுகொண்டே தாய்மார்களே, தாய்மார்களே என்றது. கூட வந்தவன் தேய்த்த சட்டை போட்ட, மரியாதை தெரிந்த ஆள். ஏதோ ஒரு டிரஸ்ட்டின் பெயர் சொன்னான். கேட்பதற்கு முன்பே ஃபைலை எடுத்து நீட்டினான்.

கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தேன். ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முதற்கொண்டு எல்லாம் இருந்தது. வெள்ளை அணு எண்ணிக்கை நோய்க்குப் பொருந்தியது. பன்னிரண்டு கிலோ எடைக்குச் சரியான மருந்தளவு. வாரம் ஒரு ஊசி போட வேண்டும், தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன், ஏழேழு நாள் இடைவெளி கச்சிதமாக இருந்தது. ஒரு ஊசியின்போது காய்ச்சல் வந்து இரண்டு நாள் தள்ளியிருக்கிறார்கள், அதுகூடக் குறித்திருந்தது. இப்படியொரு ஃபைலைப் பொய்யாக யாரும் தயாரிக்க முடியாது. "நோய் உண்மைதான்" என்றேன். தெரு முழுக்கக் கொடுத்தது. கடைக்காரர் கல்லாவைத் திறந்தார். நானும் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? எங்கள் பழைய நர்ஸ்கள் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு வேறு போட்டேன். நான் இன்னார், குழந்தைகள் வார்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள், திருக்கோகர்ணத்தில் இருக்கிறேன், ஃபைலை முழுக்கப் படித்தேன், உண்மையான கேஸ், தயங்காமல் உதவுங்கள். ஃபைலின் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். வேன்காரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, அதை எனக்கும் அனுப்பிவிடுங்க. நாலு பேருக்கு நம்பிக்கையா இருக்கும்" என்றான். அனுப்பினேன். அன்றைக்கு மத்தியானம் சோறு ருசியாக இருந்தது, ஏதோ நல்லது செய்துவிட்ட நினைப்பில்.

மூன்று வாரம் இருக்கும். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்றாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஃபைல்தான் என்று நினைத்து, "என்னம்மா, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லம்மா. அந்த வேன்ல பேசுறது நீங்கதானே?"

எனக்குப் புரியவில்லை. அவள் குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர். முந்தாநாள் அவள் ஊர் வழியாக வேன் போயிருக்கிறது. அழுகிற பெண்குரல் முடிந்ததும் என் குரல் ஸ்பீக்கரில் வந்திருக்கிறது. வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டதாகச் சொன்னாள். வெளியே வந்து பார்த்தால் வேனில் அவள் மகள்.

"அது எம்மக. அவ செத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சும்மா" என்றாள்.

பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். நான் அதை வாங்கவில்லை. உள்ளே போய் என் போனை எடுத்து, நான் பிடித்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில், மேலே வலது மூலையில், தேதி. வருஷமும் அங்கேயே இருந்தது, தெளிவாக. அந்தப் பாவி அதை மாற்றக்கூட இல்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை. நான் நர்ஸ். நாளைப் பார்ப்பேன், மாதத்தைப் பார்ப்பேன், இன்றைக்கு எத்தனையாவது ஊசி என்று பார்ப்பேன். வார்டில் யார் வருஷத்தைப் பார்ப்பார்கள்? இந்தத் தப்பை என் தெருவில் படிக்காத ஒரு ஆள்கூடச் செய்திருக்க மாட்டார். எனக்கு என்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

குழந்தை உயிரோடு இருந்தபோது வைத்தியம் அரசாங்கத்தில்தான் பார்த்தார்கள். ஆனால் மெட்ராஸ் போய்வர, தங்க, சாப்பிட, வெளியில் வாங்கும் மருந்துக்கு என்று செலவு இருந்தது. புருஷன் கொத்தனார். டிரஸ்ட் என்று ஒருவன் வந்து, உதவி வாங்கித் தருகிறேன் என்று குழந்தையைப் படம் எடுத்து, ஃபைலையும் வாங்கிப் போயிருக்கிறான். பிறகு போனை எடுக்கவே இல்லை.

அவள் எதற்கு வந்திருந்தாள் என்பதை அப்புறம்தான் சொன்னாள். ஊரில் அவர்கள்மேல் பழி விழுந்துவிட்டது. செத்த பிள்ளையை வைத்துக் காசு பார்க்கிறார்கள், நர்ஸே சொல்கிறாள், இவர்கள் கொடுக்காமல் ஃபைல் எப்படிப் போகும் என்று குழாயடியில் பேசுகிறார்கள். புருஷன் இரண்டு நாளாக வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

"அந்தப் படத்தை எறக்கணும்மா. அப்பறம் நீங்கதான் சொன்னீங்க. நீங்களே இல்லைன்னு சொல்லணும்."

அன்று சாயங்காலமே இன்னொரு குரல் பதிவு போட்டேன். நான் சொன்னது தவறு, குழந்தை இறந்துவிட்டது, யாரும் கொடுக்காதீர்கள். முதல் பதிவு கத்தார் வரை போய் அங்கிருந்து எனக்கே திரும்பி வந்தது. இதற்கு நாலு பேர் கும்பிடு போட்டார்கள், ஒருத்தி "அடப்பாவமே" என்றாள், அடுத்து யாரோ கோலப் படம் போட்டார்கள். அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு வண்டி நம்பர் கேட்டார்கள். குழந்தைக்கு ஏற்றிய மருந்தளவு மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு வண்டி நம்பர் தெரியவில்லை.

நாலாம் நாள் மளிகைக்கடைக்காரர் ஓடிவந்தார். கறம்பக்குடியில் இருக்கும் அவர் மச்சான் போன் செய்திருக்கிறார், சந்தைப் பக்கம் வேன் நிற்கிறதாம். "நாளைக்குப் பாத்துக்கலாம் சிஸ்டர், வெயிலு கொளுத்துது" என்றார். "நாளைக்கு அவன் அங்கிட்டு இருப்பானா?" என்று கத்தினேன். அவள் மகளின் படம்தானே, நான் மட்டும் போவது சரியில்லை என்று அவளுக்கும் போன் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் வந்து சேர்ந்துகொண்டாள்.

இறங்கும்போதே என் குரல் கேட்டது. சந்தை இரைச்சலுக்கு மேலே, நிதானமாக, நம்பிக்கையாக, தயங்காமல் உதவுங்கள் என்றேன் நான். கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்புப் பையிலிருந்து ஒரு ரூபாய்த் தாளை எடுத்து வேன் உண்டியலில் போடுவதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் முட்டிவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. வேனுக்குள் கையை விட்டு மைக்கைப் பிடுங்கினேன்.

"இந்தா பேசுறவ நான்தான். பொய் சொல்லிட்டேன். இந்தப் புள்ள செத்துப்போச்சு. இதோ நிக்கிறா இவ ஆத்தா. இவகளுக்கு ஒத்தப் பைசா வரல. ஒருத்தரும் போடாதீங்க."

கூட்டம் கூடிவிட்டது. வேன்காரன் அப்போதும் அசரவில்லை. "அம்மா, கோவப்படாதீங்க. இந்தப் பாப்பா இல்லைன்னா வேற பாப்பாக்களுக்குத்தானே போகுது" என்றான். அவ்வளவுதான், யாரோ சட்டையைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் ஃபிளெக்ஸைக் கிழிக்கப் பாய்ந்தார்கள். என்னோடு வந்தவள், "ஐயோ, கிழிக்காதீங்க, கிழிக்காதீங்க" என்று குறுக்கே விழுந்தாள். அப்புறம் கீரைக்காரப் பெண்தான் கத்தி கொடுத்தாள். அதை வாங்கி இவளே கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்து, படம் மடங்காமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அப்புறம் என்ன ஆனான் என்று கேட்காதீர்கள். சில மாதம் கழித்து வேறு வண்டி, வேறு குழந்தை, அதே அழுகைக்குரல் என்று யாரோ சொன்னார்கள். அவனா இன்னொருத்தனா, யார் கண்டது. அலுத்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். ஃபிளெக்ஸ் சுருளை மடியில் நீளவாக்கில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு நானே உங்கள் ஊருக்கு வந்து குழாயடியில் நின்று சொல்கிறேன் என்றேன். தலையாட்டினாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆதங்கத்தில்தான் கேட்டேன், சத்தியமாக வேறு நினைப்பு இல்லை.

"ஏம்மா, புள்ள இருக்கையில எங்க தெருப் பக்கம் வந்திருக்கக் கூடாதா? நான் பாத்துச் சொல்லியிருந்தா தெருவே குடுத்திருக்குமே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்தோமேம்மா."

"எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான். கடைக்காரவுக கைகாட்டிவிட்டாக. அப்ப ஃபைலு அந்தாளுகிட்ட மாட்டிக்கிச்சு. எங்கிட்ட ரெண்டு சீட்டுத்தான் இருந்துச்சு. நீங்க பாத்திட்டு, இது பத்தாதும்மா, முழு ஃபைலை எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொன்னீங்க. அந்த மாசம் மெட்ராசுக்குப் போக முடியல. அடுத்த மாசந்தான் போனோம்."

குறை சொல்லும் குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள். ஊசி ஒரு மாதம் தவறினால் அந்த நோயில் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

அவள் வந்தது எனக்கு நினைவில்லை. அவள் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், வரவில்லை. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு இவள் மட்டும் வந்திருப்பாள், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதைக் கேட்டும்விட்டேன்.

"இல்லம்மா, இடுப்புலதான் வெச்சிருந்தேன்" என்றாள். "நீங்ககூட அவளுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தீங்க. வெயிலா இருக்கு, புள்ளையத் தூக்கிக்கிட்டு அலையாத, சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிப் போன்னு சொன்னீங்க."